தனிக் கோப்பை

லண்டன் ஸ்ட்ரெதம் தேவாலயத்தில் வியாழன்தோறும் வெள்ளையரும் கறுப்பரும் தமிழரும் வட்டமாக இருந்து நிறவெறிக் காயங்களைப் பேசி ஆற்றிக்கொள்வார்கள். வாடகை வீட்டு வெள்ளைக்காரி தன் கோப்பைகளைத் தொடவிடாமல் தனிக் கோப்பை கொடுத்த கதையைச் செல்வரத்தினம் சொன்னபோது, எல்லோரும் கைக்குட்டையை எடுத்தார்கள்.

அடுத்து, அன்றுதான் புதிதாக வந்திருந்த தமிழர் ஆங்கிலத்தில் தொடங்கினார்.

"எனக்கும் தனிக் கோப்பைதான். யாழ்ப்பாணத்தில், தமிழர் தேநீர்க்கடையில், சாதி பார்த்து வைத்தது. ஒருநாள் எல்லோருக்கும் கொடுக்கும் கோப்பையில் கேட்டோம். அன்றிரவே வீட்டைக் கொளுத்திவிட்டார்கள். அம்மா உள்ளே இருந்தார்."

"கொளுத்தியது யார்?" பாதிரியார் கேட்டார்.

"கடைக்காரரின் மகன்."

செல்வரத்தினம் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்து ஜெபிக்கச் சொன்னார் பாதிரியார். புதியவர் செல்வரத்தினத்தின் கையைப் பிடித்தார். ஜெபம் முடிந்தும் விடவில்லை. தமிழில் மெல்லச் சொன்னார்:

"உங்கட அப்பான்ர கடைத் தேத்தண்ணி இன்னும் நாக்கில நிக்குது, அண்ணை. வீடு எவடம்? நானும் கூட வாறன்."