ஏரிப் பாதையின் தலைவி

“இவ்வளவு பெரிய மலைக்கு ஒரு பொண்ணா கூட்டிட்டுப் போறா?”

மேசைமேல் விரித்திருந்த வரைபடத்தில் ஊர்ந்துகொண்டிருந்த மேலாளரின் விரல் அப்படியே நின்றது. மலையேற்றத்துக்கு ஆள் சேர்க்கும் அந்தச் சின்ன அலுவலகத்தில் அவர் கேட்காத கேள்வி இல்லை. குளிர் தாங்குமா, கழிப்பறை உண்டா, செல்போன் எடுக்குமா என்றெல்லாம் கேட்பார்கள். எடுத்த எடுப்பிலேயே இப்படி யாரும் கேட்டதில்லை.

எதிரே இருந்த அம்மாளுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

“ஆமாம்மா. ஏரிப் பாதைக்கு அவங்கதான் வழிகாட்டி. நாங்க ‘தலைவி’ன்னுதான் கூப்பிடுவோம்.”

“ஏன், ஆம்பிளைங்க யாரும் கிடைக்கலையா?”

மேலாளர் சிரித்துச் சமாளித்தார். “ஆம்பிளைங்களும் இருக்காங்க. அவங்களுக்குப் பயிற்சி குடுக்கறதே தலைவிதான். இதைப் பாருங்க. முதல் நாள் காட்டுக்குள்ள ஏறி, மரமெல்லாம் முடியற இடத்துல கூடாரம். மறுநாள் முதல் ஏரி. அங்க ஒரு நாள் முழுக்கத் தங்கல். உயரத்துக்கு உடம்பு பழகணும் இல்லையா? அப்புறம் இந்தக் கணவாயைத் தாண்டினா, ஒண்ணுக்கு மேல ஒண்ணா ஏரிதான். கடைசி ஏரி கோடையிலகூட பாதி உறைஞ்சு கிடக்கும்.”

“தங்கல் எதுக்கு? வீண் நாள்தானே?”

“முன்னாடி நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். ஒரே மூச்சுல மேல ஏத்திடுவோம். பாதிப் பேர் தலைவலி, வாந்தின்னு நடுவழியில திரும்பிடுவாங்க. தலைவி வந்துதான் திட்டத்தையே மாத்தினாங்க. எந்த ஏரிக்கரையில எந்தப் பக்கம் கூடாரம் அடிச்சா காத்து அடிக்காதுங்கற வரைக்கும் நடந்து பாத்து முடிவு பண்ணினாங்க. இப்ப அனேகமா எல்லாரும் கடைசி ஏரியைப் பாத்துட்டுத்தான் இறங்கறாங்க.”

“கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. யார் போட்ட திட்டம்?”

பாவம், காது மந்தம் போலிருக்கிறது என்று மேலாளர் குரலை உயர்த்தினார். “தலைவி போட்ட திட்டம்!”

“இருக்கட்டும். ஊர் சுத்தறதெல்லாம் ஒரு வேலையா? படிப்பு ஏறாம, வேற வழி இல்லாம இதுக்கு வந்திருப்பா.”

‘வந்திருப்பா’ என்றது மேலாளருக்குச் சுருக்கென்றது.

“அவங்க இன்ஜினியர்ம்மா. நல்ல கம்பெனி வேலையை விட்டுட்டு வந்தவங்க. மலையேற்றப் பயிற்சிப் பள்ளியில முதல் ஆளாத் தேறினாங்க.”

“சரி, ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா? மூலையில உக்காந்து அழுதா யார் பதில் சொல்றது?”

மேலாளரின் பொறுமை கரையத் தொடங்கியது.

“போன வருஷம் ஒரு வங்கி அதிகாரி வந்தார். ஆள் வாட்டசாட்டமா இருப்பார். கணவாய்கிட்டப் போனதும் பேச்சு லேசாக் குழறிச்சு. ‘எனக்கு ஒண்ணுமில்லை, நான் ஏறுவேன்’னு ஒரே அடம். தலைவி அவரை நேர்கோட்டுல, குதிகாலும் விரலும் ஒட்டற மாதிரி நடந்து காட்டச் சொன்னாங்க. நாலடி வைக்கறதுக்குள்ள மனுஷன் தள்ளாடிட்டார். உடனே ஆக்சிஜன் வெச்சு, குழுவை உதவியாளர்கிட்ட ஒப்படைச்சுட்டு, ஆலங்கட்டி மழையில அவரைத் தோள்ல தாங்கிக்கிட்டுக் கீழ இறக்கினாங்க. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா உயிர் போயிருக்கும்னு டாக்டர் சொன்னார். அந்த அதிகாரி இந்த வருஷம் குடும்பத்தோட வர்றார்.”

அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தெருவில் மழை விட்டிருந்தது. தொண்டையைச் செருமினார்.

“என்ன இருந்தாலும், ஒரு பொண்ணை நம்பி…”

மேலாளர் வரைபடத்தைப் படபடவென்று மடித்தார்.

“அம்மா, தப்பா நினைக்காதீங்க. தலைவி மேல நம்பிக்கை இல்லேன்னா நீங்க வேற இடம் பாத்துக்கலாம். எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா, ஸ்கூல்ல படிக்கிறா. அவ தலைவி மாதிரி வந்தா நான் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டு நடப்பேன். அந்தப் பிள்ளையைப் பெத்தவங்க கொடுத்து வெச்சவங்கம்மா!”

கத்திவிட்டோமோ என்று அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்த அம்மாள் எழுந்து போய்விடுவார் என்று எதிர்பார்த்தார்.

அவரோ, வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார். கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டு, கோட்டுப் பையிலிருந்து செல்போனை எடுத்து மேசைமேல் வைத்தார். அழைப்பு ஓடிக்கொண்டே இருந்தது.

“என்னங்க, கேட்டீங்களா? இத்தனை வருஷமா வீட்டுல நீங்க என்னைக் குடைஞ்ச கேள்வியை எல்லாம் ஒண்ணு விடாம கேட்டுட்டேன். நம்ம பொண்ணைப் பத்தி வெளியாள் என்ன சொல்றார்னு காது குளிரக் கேட்டீங்களா?”

மறுமுனையில் தழுதழுத்த ஓர் ஆண் குரல் மெல்லக் கேட்டது.

“கேட்டேன், கேட்டேன். ரெண்டு பேருக்கு இடம் இருக்கான்னு அவரைக் கேளு. தலைவி கூட்டிட்டுப் போற குழுவுலதான் வேணும்னு சொல்லு.”