பதினோரு மணிக்கு ஏறும் கணக்கு

"இந்த ஆறு பேர்ல யாரோ ஒருத்தி மத்தவங்களைக் கெடுக்கறா. யாருன்னு கண்டுபிடிங்க, இன்னிக்கே சீட்டைக் கிழிச்சிடறேன்" என்றார் மேனேஜர்.

குடிநீர்ப் புகார் மையத்துக்குப் புதிதாக வந்திருந்த புள்ளிவிவரக்காரி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். போனில் புகார் கேட்கும் ஆறு பெண்களின் கணக்கு. பேசும் நேரம், காக்க வைக்கும் நேரம், புகாரைப் பதியும் நேரம்.

"தினமும் பதினோரு மணிக்கு எல்லாமே சேர்ந்து ஏறுது சார், ஆறு பேருக்கும். ஆனா ஒருத்தரால இன்னொருத்தர் கெடல. பின்னாடி ஏதோ ஒண்ணு இருந்துக்கிட்டு எல்லாரையும் இழுக்குது. நாங்க அதை மறைமாறின்னு சொல்வோம்."

"மொள்ளமாரின்னு சொல்லுங்க. வேறென்ன, அரட்டைதான்."

மேனேஜர் கறாரான ஆள். வேலை நேரத்தில் சொந்தப் போன் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். தானும் எடுக்க மாட்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பதினோரு மணிக்கு இருவரும் போய் ஓரமாக நின்றார்கள்.

ஆறு பேரில் மூத்தவள் போனில் யாரிடமோ சிரித்துச் சிரித்துப் பேசினாள். இரண்டு நிமிஷம் ஆனதும் லைனைப் பக்கத்துச் சீட்டுக்குத் தள்ளினாள். அங்கேயும் சிரிப்பு. அங்கிருந்து அடுத்த சீட்டு.

"மூணு நிமிஷம் தாண்டினா உங்க ஸ்கிரீன்ல சிவப்பு விழுமே சார். அதான் ஆளுக்குக் கொஞ்சமா பங்கு போட்டுக்கறாங்க" என்றாள் புள்ளிவிவரக்காரி. இத்தனை கணக்குப் போட்டதற்கு இவ்வளவுதானா என்று அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

மேனேஜர் விடுவிடுவென்று போனார்.

"யாரும்மா அது, ஆறு பேருக்கும் பொதுவா ஒரு சிநேகிதர்?"

மூத்தவள் பதறி எழுந்தாள். "வேணாம் சார். தப்பு எங்களோடதுதான். வேலையை விட்டு வேணா அனுப்பிடுங்க, அவர்கிட்ட எதுவும் கேட்காதீங்க."

அதற்குள் மேனேஜர் மூன்றாவது சீட்டுக்காரியின் ஹெட்போனைப் பிடுங்கிக் காதில் வைத்திருந்தார்.

"...நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிடாதம்மா. ஆபீஸுக்குப் போன் பண்ணா என் பையனுக்குப் பிடிக்காது. மேனேஜர் இல்லையா, ஆயிரம் வேலை இருக்கும். இன்னிக்காவது சாப்பிட்டுட்டு வந்தானா?"

மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இல்லப்பா, இன்னும் சாப்பிடல" என்றார். "நீங்க சாப்பிட்டீங்களா?"