பச்சையாகவே நின்ற பெயர்

இனித் தேடப்போவதில்லை என்று கப்பல் கம்பெனியிலிருந்து காலை பத்து மணிக்குச் செய்தி வந்தது. பதினொன்றரைக்கெல்லாம் ஜோவி, நெலியாவின் ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றாள்.

அழுது ஓய்ந்த முகம். கையில் ஒரு ரொட்டிப் பொட்டலம். யாரையும் வெறுங்கையோடு போய்ப் பார்த்துப் பழக்கமில்லாதவள். இன்றைக்கும் அந்தப் பழக்கம் விடவில்லை.

"நிறத்தை மாத்திடுங்க மனாங். எல்லாரும் சொல்லிட்டாங்க."

நெலியா அவளைவிட ஏழு வயது மூத்தவள். பிலிப்பைன்ஸின் இலோய்லோவில் அக்கா முறைக்கு மனாங்தான்.

எல்லாரும் என்றால் பத்தொன்பது வீடுகள். இருபத்தாறு நாளுக்கு முன் ஒரு சரக்குக் கப்பலோடு காணாமல் போன பத்தொன்பது பேரின் வீடுகள்.

மூன்றாம் நாள் மாதா கோயிலில் கூட்டம் போட்டார்கள். பெயர்களையும் படங்களையும் போட்டு ஒரு இணையதளம் திறந்தால், எங்கேயாவது ஒரு மீனவன் கண்ணிலாவது படாதா என்று பேச்சு வந்தது. செய்யத் தெரிந்தவர் யாருமில்லை. கடைசி பெஞ்சிலிருந்து நெலியா எழுந்து, தான் கற்றுக்கொள்வதாகச் சொன்னாள்.

நாற்பத்திரண்டு வயது. கல்லூரிப் பிள்ளைகளுக்கு டைப் அடித்துக் கொடுத்ததுதான் அதுவரை கம்ப்யூட்டரோடு அவளுக்கு இருந்த உறவு.

இணையத்தில் இலவசப் பாடங்களைத் தேடிப் படித்தாள். ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனதில் பக்கம் முழுக்கக் குலைந்து, அரைநாள் அதையே வெறித்துக்கொண்டிருந்ததும் உண்டு. அப்புறம்தான் ஸ்டைல் ஷீட் பிடிபட்டது. பெயர்களெல்லாம் ஒரு பக்கம் இருக்கும். அவை எப்படித் தெரியவேண்டும் என்பதைத் தனியாக இன்னொரு தாளில் எழுதவேண்டும். பெயர்களுக்குப் பச்சை என்று அதில் ஒரே ஒரு வரி எழுதினால், ஒவ்வொன்றாகத் தொடாமலே அத்தனையும் பச்சையாகிவிடும்.

பச்சை, காத்திருப்பதற்கு. ஜோவிதான் அந்த நிறத்தைச் சொன்னாள். ஒருவேளை இறந்துவிட்டார்கள் என்றால் சாம்பல் நிறம் என்பதையும் அன்றைக்கே பேசி வைத்தார்கள். பேசும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

நெலியா அந்த வரியைத் திறந்தாள். பச்சையை அழித்துவிட்டுச் சாம்பல் நிறத்தை அடித்தாள். சேமித்தாள்.

கேப்டன், என்ஜினியர், சமையல்காரர். மேலிருந்து கீழ்வரை எல்லாரும் கண்மூடித் திறப்பதற்குள் சாம்பலாகிப் போனார்கள்.

ஒரு பெயர் மட்டும் மாறவில்லை.

பதினான்காவது பெயர். ரோடெல் பால்மாரெஸ், என்ஜின் அறையில் எண்ணெய் போடும் வேலை. பச்சையாகவே நின்றது.

ஜோவி துள்ளி எழுந்ததில் நாற்காலி பின்னால் விழுந்தது. ரோடெல் அவள் புருஷன்.

"மாதாவே! பாருங்க மனாங், அவர் பேரு மட்டும் போகல! எங்கயோ உயிரோட இருக்கார், எனக்குத் தெரியும்!"

காரணம் நெலியாவுக்குத் தெரியும்.

கற்கத் தொடங்கிய முதல் நாள் அவளுக்கு ஸ்டைல் ஷீட் தெரியாது. நிறத்தைப் பெயரின் மேலேயே நேராக எழுதும் வித்தைதான் தெரியும். அப்படி ஒரே ஒரு பெயரை அடித்துப் பார்த்தாள். மறுநாள் மிச்சம் பதினெட்டையும் முறையாக எழுதினாள். எல்லாம் ஒரே பச்சையாக இருந்ததால் இத்தனை நாள் வித்தியாசம் தெரியவில்லை. எல்லாருக்கும் பொதுவாக எழுதிய வரியைவிட, ஒருவருக்கென்று அவர் பெயரிலேயே எழுதியதற்கு வலு அதிகம். பாடத்தில் பிறகு படித்திருந்தாள்.

பேசாமல் இருந்துவிடலாம். ஜோவி இன்றைக்கு வீட்டுக்குப் போய் இரண்டு வாய் சோறு தின்பாள். அப்பா உயிரோடு இருக்கிறார் என்று பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு சொல்வாள்.

அப்புறம்? அந்தப் பச்சையை நம்பிக்கொண்டு ஒரு பெண் எத்தனை வருஷம் கடலையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நெலியா எண்ணிப் பார்த்தாள்.

"அப்படியெல்லாம் இல்லம்மா, ஜோவி. என் தப்புதான். கத்துக்கிட்ட புதுசு, தெரியாம எழுதிட்டேன்."

அந்தப் பெயரின் மேல் தான் எழுதியிருந்த பச்சைக்குப் போனாள். அழிக்கும் பொத்தானின் மேல் விரல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு அழுத்தினாள்.

பதினான்காவது பெயரும் மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது.

ஜோவி மேஜையில் முகம் கவிழ்த்து அழுதாள். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். நெலியா அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

கிளம்பும்போது ஜோவி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை பூசையில பத்தொன்பது குடும்பமும் மெழுகுவத்தி ஏத்துறோம் மனாங். நீங்களும் வரணும், போட்டோ எடுக்க ஒரு ஆள் வேணுமில்ல. கப்பல்ல உங்களுக்குன்னு யாருமே இல்ல. இருந்தும் எங்களுக்காக இவ்வளவு செஞ்சிருக்கீங்களே, யார் செய்வா?"

"வர்றேன்" என்றாள் நெலியா.

முன்பு ஒரு காலத்தில் ஏழு வருஷம், ரோடெல் இறங்கிய துறைமுகங்களிலிருந்தெல்லாம் நெலியாவுக்கு அஞ்சலட்டை வந்துகொண்டிருந்தது. எட்டாம் வருஷம் வந்தது, அவனுடைய கல்யாணப் பத்திரிகை.