கல் பட்ட இடம்

தங்கை புருஷனின் கார் ஜாக்கியில் நின்றது. நாளைக் காலை அதற்கு வருடாந்திரச் சோதனை.

கிழட்டுக் கார்தான். ஆனாலும் மெக்கானிக் கை வைத்தால் முக்கி முனகியாவது தேறிவிடும்.

காலையிலிருந்து அவன் வேறு வேலையைத் தொடவில்லை. ஒரு ஹெட்லைட் வானத்தைப் பார்த்து எரிந்தது, இறக்கி வைத்தான். ஹாரனுக்குத் தொண்டை கட்டியிருந்தது, சரி செய்தான். சைலன்சரில் ஓட்டை, அடைத்தான். வேறு யார் வண்டியாக இருந்தாலும் ஆட்களிடம் விட்டிருப்பான். இது தங்கை ஏறுகிற வண்டி. பிரேக்கை மட்டும் கழற்றி, மாட்டி, மறுபடியும் இறுக்கிப் பார்த்தான்.

மாப்பிள்ளை பட்டறை வாசலில் போனில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சுக்கு நடுவே கையை நீட்டி முன் கண்ணாடியைக் காட்டினார்.

"முன்னாடி போன லாரியிலேர்ந்து கல்லு தெறிச்சிடுச்சு மச்சான். மாத்தவெல்லாம் வேணாம், பசை ஊத்தி அடைச்சு விடுங்க, போதும்."

ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கைக்கு நேரே, உள்ளங்கை அகலத்துக்கு விரிசல். அதோடு போய் நின்றால் சோதனை செய்கிற ஆபீசர் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார். பசையில் அடைபடுமா என்பது சந்தேகம். ஆனால் மாப்பிள்ளை கேட்கிறாரே, முயன்றுதான் பார்க்க வேண்டும்.

போன வருடமும் சோதனைக்கு முன்னால் இதே கதைதான். அப்போது விரிசல் பெரிது. யோசிக்கக்கூட இல்லை, பழைய கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போட்டுக் கொடுத்தான். ரோட்டில் கிடக்கிற கல்லுக்கெல்லாம் எங்கள் மாப்பிள்ளை மேல்தான் கண் என்று கிண்டல் வேறு. மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். பின் சீட்டில் இருந்த தங்கை சிரிக்கவில்லை. அவளுக்கு என்றைக்குத்தான் அவனுடைய ஜோக் புரிந்தது என்று விட்டுவிட்டான்.

இந்தத் தடவை அவள் வரவில்லை. தலைவலியாம், படுத்திருக்கிறாளாம்.

பசை ஊற்றுவதற்குக் கல் பட்ட குழி வேண்டும். விரிசலின் நடுவில், வெளிப்பக்கம், கடுகளவாவது ஒரு குழி இருக்கும். பசை ஏற்றும் ஊசியை அதில்தான் வைக்க வேண்டும்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு விரலால் தடவினான். குழி இல்லை.

வயசாகிறது, விரல் மரத்துப்போச்சு என்று தன்னையே கேலி செய்துகொண்டான். டார்ச் அடித்துப் பார்த்தான்.

குழி விழ வேண்டிய இடம் வெளிப்பக்கமாகப் புடைத்திருந்தது.

கதவைத் திறந்து அந்த இருக்கையில் உட்கார்ந்தான். உள்ளிருந்து தடவினான். இப்போது விரல் இறங்கியது. கண்ணாடித் தூள் நுனியில் ஒட்டியது.

விரிசலில் ஒரு முடி சிக்கியிருந்தது. நீளமான முடி. மெல்ல இழுத்தான். வரவில்லை.

கல் எப்படிக் காருக்குள்ளிருந்து வரும்?

வண்டியைப் பார்த்தே ஓட்டுகிறவன் ஜாதகத்தைச் சொல்லிவிடுவேன் என்று வீட்டில் எல்லோர் முன்னாலும் பீற்றிக்கொள்கிறவன் அவன். எந்த வண்டியையும் ஒரு சுற்று சுற்றி வந்தால் போதும், குடிகாரனா, கஞ்சனா, அவசரக்காரனா என்று புட்டுப்புட்டு வைப்பான். இந்த வண்டியை அவன் அப்படிச் சுற்றியதே இல்லை. மாப்பிள்ளை வண்டியில் போய் என்னத்தைப் பார்ப்பது? தங்கமான மனுஷன் என்று தேடிப் பிடித்து அவளுக்குக் கட்டி வைத்ததே அவன்தான்.

வாசலில் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தான். போனை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றிக்கொண்டு மறுபடியும் சிரித்தான்.

மெக்கானிக்கின் கையில் ஸ்பானர் இருந்தது. அதை வைத்து என்னென்னவோ செய்யத் தோன்றியது. காலையில் இறுக்கிய பிரேக்கைத் தளர்த்தி விட்டால் என்ன என்றும் நினைத்தான். ஸ்பானரைப் பெட்டியில் போட்டு மூடினான்.

பட்டறையின் பின்பக்கம் போய்த் தங்கைக்குப் போன் போட்டான். ரொம்ப நேரம் அடித்துத்தான் எடுத்தாள்.

"கண்ணாடியைப் பாத்துட்டேம்மா," என்றான்.

வாசலுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"துணிமணியை எடுத்து வை. இப்பவே வர்றேன்."

ஓவென்று அழுவாள் என்று நினைத்தான். அவள் அழவில்லை. முன்பின் தெரியாத ஆளிடம் பேசுவது போல நிறுத்தி நிதானமாகப் பேசினாள்.

"போன வருஷமும் நீதானேண்ணா பாத்த? புதுக் கண்ணாடி போட்டு, என்னையும் அதுலயே ஏத்தி அனுப்பிட்ட. உனக்கு எல்லாம் தெரியும்னு நினைச்சேன்."