கப்பல் மூழ்கவில்லை

“‘மூழ்கவில்லை’ன்னு போட்டிருக்கான் பாரு. ‘மிதக்குது’ன்னு போட வேண்டியதுதானே? ஏன் போடல?”

லேத்துக்காரர் செல்போனை மனைவியின் மூக்குக்கு நேரே நீட்டினார். கப்பல் கம்பெனியின் ஒரு வரி அறிவிப்பு: ‘எங்கள் சரக்குக் கப்பல் மூழ்கவில்லை.’ அந்தக் கப்பலில்தான் அவர்களுடைய ஒரே மகன் வேலை பார்க்கிறான். அவன் பேசிப் பதினோரு நாள் ஆகிறது.

டீச்சர் விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு இலக்கணம் நடத்துகிறவர். “மூழ்கலைன்னா மூழ்கலைதாங்க. எதிர்மறைக்கு உங்களுக்குன்னு தனி அர்த்தமா?”

“மூழ்கிச்சான்னு யாராவது கேட்டாங்களா? கேக்காமலே ஒருத்தன் இல்லைங்கறான்னா, இருக்குன்னுதான் அர்த்தம்.”

மனிதர் எப்போதும் இப்படித்தான். பாலத்தில் விரிசல் இல்லை என்று அதிகாரிகள் சொன்ன நாளிலிருந்து தன் லேத்துப் பட்டறைக்கு மூன்று கிலோமீட்டர் சுற்றிப் போகிறார். தெருவே சிரித்தது, அவர் கண்டுகொள்ளவில்லை. ஆனால் இந்த ஒரு தடவை மட்டும் தன் பேச்சு பொய்யாகிவிடாதா என்று அவருக்கே மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

“அவன் நம்பருக்குப் போட்டுப் பாத்தியா?”

“பாத்தேன். தொடர்பு எல்லையில இல்லைன்னு வருது.” டீச்சர் சிவப்புப் பேனாவை மூடினார். “எல்லையில இல்லைன்னா, போன் ஆன்ல இருக்குன்னுதானே?”

அப்போது டீச்சரின் போன் அடித்தது. கம்பெனிதான். எடுத்துக் கேட்டுவிட்டு வைத்தார்.

“கப்பல் மூழ்கலையாம். புயல்ல ரேடியோ மட்டும் போச்சாம்.”

“அப்பாடா!” லேத்துக்காரர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். “நான் ஒரு கிறுக்கன்!”

“இயந்திர அறையில ஏதோ விபத்தாம். உங்க போனுக்குப் படம் அனுப்பியிருக்காங்களாம்.”

அவர் பார்த்தார். சுவரைப் பிடித்தபடியே தரையில் சரிந்து உட்கார்ந்தார்.

“நம்ம புள்ளதான்டி. போயிட்டான். அவங்க பொய் சொல்லல.”

‘பொய் சொல்லல’ என்று அவர் வாயிலிருந்து வந்தது அதுவே முதல் தடவை. டீச்சர் செல்போனைப் பிடுங்கினார். படத்தைப் பார்க்கவில்லை, அதன் கீழே இருந்த வரியை மட்டும் படித்தார்: ‘உங்கள் மகன் உயிருடன் இல்லை.’ இன்னொரு தடவையும் படித்துவிட்டு, கணவரின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“நாம கேக்காமலே இல்லைங்கறாங்களேங்க... அப்ப இருக்கான், இல்ல?”