மஞ்சள் அட்டை

“ஒத்த ஓட்டுலயாடா போச்சு?”

“ஆமாக்கா. முப்பத்தொம்பது, நாப்பது.”

மேட்டுத் தெருவில் அக்காவின் சமையலறைக் குழாய் நூல் போல ஒழுகுகிறது. சாய்ந்த வெயில் அந்த நூலில் பட்டு மினுங்குகிறது. தண்ணீர்ச் சங்கத்தின் பொதுக்கூட்டம் முடிந்து தம்பி நேரே இங்கே வந்திருக்கிறான். மேட்டுத் தெருவுக்குத் தனி மோட்டார் வேண்டும் என்ற தீர்மானம் தோற்றுவிட்டது. மோட்டார் வந்தால் அவனுடைய பள்ளத்துத் தெருவுக்கு அரை மணி நேரத் தண்ணீர் குறையும். முட்டிவலியால் வர முடியாத அக்கா, தன் ஓட்டுக்கான மஞ்சள் அட்டையைக் கையெழுத்துப் போட்டு அவனிடம்தான் கொடுத்தனுப்பியிருந்தாள். எதிர்ப்பவர்கள் யார் என்று தலைவர் கேட்டபோது, அவன் அட்டையோடு அவள் அட்டையும் மேலே போனது. அது இப்போது அவன் சட்டைப்பையில் இருக்கிறது. மெல்லிய துணிக்குள் மஞ்சள் தெரிகிறது. அவன் கையால் நெஞ்சை மூடிக்கொள்கிறான். அக்கா குடத்தைச் சாய்த்து, காலையிலிருந்து சேர்ந்த தண்ணீரில் ஒரு சொம்பு நிறைய ஊற்றி நீட்டுகிறாள்.

“குடி. மேடேறி வந்திருக்க. தோத்தது நான், நீ ஏன்டா இழவு வீட்டுல உக்காந்த மாதிரி இருக்க?”

அவன் ஒரு வாய் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைக்கிறான். அக்கா விரல்விட்டு எண்ணுகிறாள்.

“எங்க தெருவுல நாப்பது வீடு. நாப்பது ஓட்டும் விழுந்திருக்கணும்ல? எவனோ ஒருத்தன் கூட இருந்தே கழுத்தறுத்துட்டான். நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும். அது யாருன்னு மட்டும் விசாரிச்சுச் சொல்றியா, கண்ணு?”