ஒரே கை ஓட்டிய வண்டி

“டிரைவர் ஓட்டின வண்டின்னா இப்பவே சொல்லிடுங்க. நான் வேற வண்டி பாத்துக்கினு போறேன்” என்றாள் அந்தோணியம்மாள், முன்சக்கரத்தைச் செருப்புக் காலால் ஒரு தட்டுத் தட்டி.

பட்டுக்கடை சுப்பராயலுவுக்குச் சுருக்கென்றது. மெட்ராசில் தூதரகத்துக்காரர்கள் ஏலம் விட்டபோது போட்டி போட்டு எடுத்த லேண்ட் ரோவர் அது. நாலு சக்கரமும் இழுக்கும், உள்ளே தோல் சீட்டு, ஆரணி முழுக்கத் தேடினாலும் இன்னொன்று கிடையாது. அதைப் போய்ச் செருப்புக் காலால் தட்டுகிறாள்!

பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். போன வருஷம் ஆவணியில் களம்பூர் ரோட்டில் சைக்கிளில் போன ஒருவரை இந்த வண்டி அடித்துக் கொன்றுவிட்டது. ஓட்டியது டிரைவர் சத்தியராஜ் என்று தீர்ப்பாகி, அவன் வேலூர் ஜெயிலுக்கும் போயாகிவிட்டது. வண்டி மட்டும் கடை வாசலுக்கே திரும்பி வந்தது.

ஆளைக் கொன்ற வண்டி நிற்கிற கடையில் முகூர்த்தப் புடவை எடுக்க யார் வருவார்கள்? இரண்டு சீசன் படுத்துவிட்டது. தை பிறப்பதற்குள் வண்டியைத் தள்ளிவிட வேண்டும், அதுவும் விஷயம் தெரியாத வெளியூர் ஆளிடம்.

இவள் கண்ணமங்கலத்துக்கு அந்தப் பக்கம் கல் குவாரி வைத்திருக்கிறாளாம். கூட வந்தவர் தம்பி பவுல்துரையாம். மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் வாயே திறக்கவில்லை. சுப்பராயலு அதிகம் விசாரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்து ஆளை எடை போடுகிறவர் அல்ல, புடவையைப் பார்த்துப் போடுகிறவர். மாம்பழக் கலர், அரக்கு பார்டர், அசல் ஜரிகை. அவருடைய தறிகளில் மட்டுமே ஓடும் பார்டர் அது.

“நம்ம கடைப் புடவைதானேம்மா கட்டிக்கினு இருக்கீங்க?”

“உங்க கடைதான். அதுக்கு இன்னா இப்போ? வண்டியப் பத்திப் பேசுங்க.”

இந்த விலைக்குப் புடவை எடுத்தவள் என்றால் பணத்துக்குக் குறைவிருக்காது. வாய்தான் நீளம்.

“இந்த பம்பர் ஏன் புதுசா கீது?”

“மாடு முட்டிடுச்சும்மா.”

“எந்த ஊரு மாடு இரும்பை நெளிக்குது?”

சுப்பராயலு பதில் தேடுவதற்குள் அவள் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நெட்டையான பொம்பளை. முட்டி இரண்டும் முன்னால் இடித்தன.

“சீட்டு நவுரவே மாட்டேங்குதே?”

“எனக்குத் தோதா முன்னால இழுத்து வெல்டிங் வச்சிருக்கேம்மா. நான் குள்ளம் பாருங்க.”

“கதை விடாதீங்க. இத்தினி பெரிய முதலாளி தானே ஓட்டுவாராக்கும்! கண்டவன் கையில குடுத்து கிளட்ச்சைத் தேய்ச்சிட்டு, இப்போ என் தலையில கட்டப் பாக்குறீங்க.” அவள் இறங்கிக் கதவை அறைந்து சாத்தினாள். “எழுந்திரு பவுலு. இது பேஜார் புடிச்ச வண்டி.”

சுப்பராயலுவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. வண்டியும் போகாமல் வசவும் வாங்குவதா?

“யாரப் பாத்துக் கதை விடறேன்றீங்க? டிரைவரெல்லாம் கடை வேனுக்குத்தான். இந்த ஸ்டீரிங்க என் கை தவிர இன்னொரு கை தொட்டதில்ல. வாங்கின நாள்லேருந்து ஒரு மைல் கூட எவனும் ஓட்டினது கெடையாது!”

உள்ளே இருந்த கணக்குப்பிள்ளை தணிகாசலம் பலமாக இருமினார். சுப்பராயலு அவரை முறைத்தார். கோர்ட்டில் சொன்னதையெல்லாம் கடை வாசலில் நினைத்துக்கொண்டிருந்தால் வியாபாரம் நடக்குமா?

“வாயால யார் வேணா சொல்லலாம். கடை லெட்டர்ல எழுதி, முத்திரை வச்சிக் குடுங்க. உங்க கணக்குப்பிள்ளையே சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். இல்லன்னா குடியாத்தத்துல ஒரு ஜீப்பு நிக்குது, நான் அதப் பாத்துக்கறேன்.”

“எழுதித் தரேன். ஒண்ணுக்கு ரெண்டா எழுதித் தரேன்!”

சாமி படம் போட்ட கடைத் தாளில் சுப்பராயலு ஆத்திரத்தோடு எழுதினார். பவுல்துரை அப்போதுதான் முதல் முறையாக வாயைத் திறந்தார்.

“வண்டி நம்பரும் போடுங்க. வாங்கின தேதியிலேருந்து இன்னிய தேதி வரைக்கும்னு தெளிவா இருக்கட்டும்.”

முத்திரை விழுந்தது. தணிகாசலம் தயங்கித் தயங்கிக் கையெழுத்துப் போட்டார். பவுல்துரை தாளை இரண்டு தரம் படித்துவிட்டு ஃபைலுக்குள் வைத்தார்.

“இப்போ திருப்திதானே? வந்ததுலேருந்து இன்ஜினையே பாக்கலியே. பானெட்டத் தொறக்கறேன், ஜல்தியா முடிச்சிடலாம்.”

“வாணாம். வண்டியே வாணாம்.”

“இன்னாம்மா வெளாடறியா? அப்போ கடுதாசி எதுக்கு?”

“அப்பீலுக்கு” என்றார் பவுல்துரை. “நான் தம்பி இல்லீங்க, இவங்க வக்கீல்.”

சுப்பராயலு ஃபைலின் மேல் பாய்ந்தார். அந்தோணியம்மாள் குறுக்கே வந்து நின்று, முந்தானையை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

“எம்மவன் ஜெயிலுக்குப் போன அன்னிக்கு நீங்க பஸ் பார்சல்ல அனுப்பின புடவை இது.”